பந்து உருளாத மாதங்கள்: ஓர் அபிமானியின் ஆராய்ச்சி

கிரிக்கெட் ஆட்டம் நடைபெறும்பொழுது அதைப் பற்றிப் பேசுவோர் தேசமெங்கும் உளர். ஆட்டம் நடைபெறாத பொழுதும் அதே உற்சாகத்தோடு, சில சமயங்களில் அதனினும் கூடுதலான ஆவேசத்தோடு பேசுவோர் எங்கே உளர் என்று ஒருவர் வினவுவாராயின், விருதுநகரின் பரோட்டாக் கடைகளிலும் சிவகாசியின் தேநீர்க் கடைகளிலும் ஒரு மாலைப்பொழுது அமர்ந்து எழுமாறு அவருக்குச் சொல்வேன். ஐ.பி.எல். என்று சுருக்கி வழங்கும் இந்தியன் பிரீமியர் லீக் பந்தயம் மார்ச் மாதக் கடைசியில் தொடங்கி, மே மாத இறுதியிலோ ஜூன் துவக்கத்திலோ முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஒன்பது மாதங்களுக்கு மேற்பட்ட காலம் அந்தப் பத்து அணிகளுக்கும் பந்து உருள்வதில்லை. இந்திய அணி எங்கேனும் ஓரிடத்தில் ஆடிக்கொண்டுதான் இருக்கும். ரஞ்சிப் பந்தயமும் தன் வழியே நடந்துகொண்டுதான் இருக்கும். ஆயினும் சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள் சட்டைக்குத் தன் மனத்தை எழுதிக் கொடுத்துவிட்ட அபிமானிக்கு அவற்றால் முழுத் திருப்தி உண்டாவதில்லை. அவனுக்கு வேண்டியது செய்தி: யார் ஓய்வு பெறுகிறார், யார் வெளியேறுகிறார், யார் வருகிறார், என்ன விலைக்கு வருகிறார் என்ற செய்தி.

இத்தகைய செய்திகளின் தன்மை என்ன, அவற்றுள் மெய்யாவன எவை, அவற்றைப் படித்துப் படித்துப் பேசுவதால் அபிமானிக்கு உண்டாகும் லாபம் யாது என்ற மூன்று வினாக்களை எடுத்துக்கொண்டு, இயன்ற அளவு நிதானமாகவும், விஷயத்தின் இயல்பு கருதி அதிகக் கடுமையின்றியும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊர் தந்த பயிற்சி

இவ்வாராய்ச்சிக்கு விருதுநகர் வட்டாரம் பொருத்தமான இடமாக அமைந்ததற்குக் காரணங்கள் இரண்டு உண்டு. முதலாவது, விலை கேட்கும் பழக்கம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், வத்தல், மல்லி, உளுந்து, துவரம்பருப்பு ஆகியவற்றின் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பத்திரிகைகளில் பார்த்துத் தென்னாட்டு மளிகை வியாபாரிகள் பலர் தத்தம் கொள்முதலைத் தீர்மானித்து வந்திருக்கின்றனர். விலை ஏறியதா இறங்கியதா என்பதைக் காலையில் காப்பியோடு தெரிந்துகொள்ளும் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, ஒரு பந்து வீச்சாளருக்குப் பதினெட்டுக் கோடி என்று கேட்டவுடன் மலைப்பு உண்டாவதில்லை. அடக்கம் எவ்வளவு, லாபம் எவ்வளவு என்ற கணக்குத்தான் உண்டாகும்.

இரண்டாவது காரணம் சிவகாசியின் பஞ்சாங்கம். ஆண்டு முழுவதும் உழைத்துச் செய்த சரக்கு தீபாவளியையொட்டிய ஓரிரு நாளில் எரிந்து தீர்ந்துவிடும். தீர்ந்த மறுநாளே அடுத்த ஆண்டைப் பற்றிய யோசனை ஆரம்பமாகிவிடும். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று பூஜை போட்டுப் பட்டாசுக்குப் புதிய விலைப்பட்டியல் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவதும், அதே நன்னாளில் மறு ஆண்டுக்குரிய தினசரிக் காலண்டர்களின் ஆல்பத்தை அச்சகத்தார் வெளியிடுவதும் இவ்வூரின் சம்பிரதாயங்கள். நடப்பு ஆண்டின் தாள்களில் பாதிகூடக் கிழிபடாதிருக்கும் சமயத்தில் வரும் ஆண்டின் முகூர்த்த நாட்களை அச்சிட்டு வைத்துக்கொண்டு விலை பேசுகின்ற ஊரில், அடுத்த மார்ச்சு மாதம் சேப்பாக்கத்தில் யார் முதல் ஆட்டக்காரராக இறங்குவார் என்பதை முந்தின ஜூலை மாதத்திலேயே விவாதிப்பது வேடிக்கை ஆகமாட்டாது.

தற்செயலாக நேர்ந்த மற்றொரு பொருத்தத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். தீபாவளி முடிந்து, பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் விடுமுறையில் இருக்கும் நவம்பர் மாதத்திலேதான் ஐ.பி.எல். அணிகள் தாம் வைத்துக்கொள்வோர் இன்னார், விடுவிப்போர் இன்னார் என்ற பட்டியலைப் பெரும்பாலும் வெளியிடுகின்றன. காலண்டர் அச்சகங்கள் இரவு பகலாக ஓடும் டிசம்பரிலேதான் ஏலம் பெரும்பாலும் நடைபெறுகிறது. 2025-ஆம் ஆண்டின் ஏலம் அபுதாபியில் நடைபெற்ற டிசம்பர் 16-ஆம் தேதி மார்கழி முதல் நாளாக அமைந்தது. விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சந்நிதியில் நின்றவர்களுள் சிலர் பிற்பகலில் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்து கோடிகளை எண்ணியிருப்பார்கள் என்று ஊகிப்பதில் அபசாரம் ஒன்றும் இல்லை.

ஓய்வுக் காலத்தின் பருவங்கள்

ஆட்டமில்லாக் காலம் முழுவதும் ஒரே சீராக இருப்பதன்று. அதற்கும் பருவங்கள் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓய்வு பெறுதல் பற்றிய பருவம். இதன் தலைவர் மகேந்திர சிங் தோனி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2020-ஆம் ஆண்டு நவம்பரில், மஞ்சள் சட்டையில் இதுதான் கடைசி ஆட்டமா என்று டாஸ் போடும் இடத்தில் கேட்கப்பட்டபோது நிச்சயமாக இல்லை என்று இரண்டே சொற்களில் அவர் விடையிறுத்தார். 2023-ஆம் ஆண்டு ஐந்தாவது முறையாகக் கோப்பையை வென்ற இரவில், விடைபெறுவது எளிது, உழைத்துத் திரும்புவதே கடினம், ஆயினும் முயல்வேன் என்ற கருத்துப்படப் பேசினார். சென்னை அணி முதன்முறையாகப் பத்தாவது இடத்தில், அதாவது கடைசி இடத்தில், முடிந்த 2025-ஆம் ஆண்டிலும் முடிவு செய்ய நாலைந்து மாதங்கள் இருக்கின்றன, அவசரம் இல்லை என்றார். மூன்று விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இவ்வளவு தெளிவாகப் பேசிய ஒருவரைப் பற்றி இவ்வளவு வதந்தி எவ்வாறு விளைந்தது என்று வியக்கத் தோன்றும். ஆண்டுதோறும் ஒருமுறை அவருக்கு விடை கொடுத்துக் கண்ணீர் வடித்துவிட்டு, மறு மார்ச்சில் சேப்பாக்கத்துக்குச் சீட்டு வாங்க வரிசையில் நிற்பதை நம்மவர்கள் ஒரு விரதமாகவே அனுஷ்டித்து வருகிறார்கள்.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மனஸ்தாபங்களின் பருவம்; இன்னார் அணியை விட்டு விலக விரும்புகிறாராம், நிர்வாகத்தோடு பேச்சு வார்த்தை முறிந்ததாம் என்பன போன்ற, ஆம் என்ற விகுதியில் முடியும் செய்திகள் அப்போது மிகுதியாகப் பிறக்கும். நவம்பர் மாதம் பட்டியலுக்கும் பரிவர்த்தனைக்கும் உரியது. டிசம்பர் ஏலத்துக்கு உரியது. ஜனவரி முதல் மார்ச்சு வரையிலான காலம் முழங்கால் வலி, தோள்பட்டை வலி, புதிய சட்டையின் நிறம், பயிற்சி முகாமில் அடித்த சிக்ஸர் ஆகியவற்றைப் பற்றிய சிறு செய்திகளால் கழியும். பயிற்சியில் அடித்த சிக்ஸருக்கு ஓட்டம் கிடையாது என்பதை அந்த உற்சாகத்தில் ஒருவரும் நினைவூட்டுவதில்லை.

இடையில் எதிர்பாராத வரப்பிரசாதங்களும் வாய்ப்பதுண்டு. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், தீபாவளி வியாபாரம் உச்சத்தில் இருந்த சமயத்தில், மதுரை சிந்தாமணிப் பகுதியில் எழுந்த புதிய கிரிக்கெட் மைதானத்தைத் திறந்து வைக்கத் தோனியே நேரில் வந்தார். விருதுநகரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கும் தூரத்தில் அவர் நின்றார் என்ற செய்தி, அன்று வெடித்த எந்தச் சரவெடியின் ஓசைக்கும் குறைந்ததாக இருக்கவில்லை.

பரிவர்த்தனை என்னும் பண்டமாற்று

ஓய்வுக் காலச் செய்திகளுள் சுவை மிகுந்தது பரிவர்த்தனை. நம்மவர்கள் டிரேடு என்றே வழங்குவது. ஓர் அணி தன் ஆட்டக்காரரை மற்றோர் அணிக்கு ஆளுக்கு ஆளாகவோ ரொக்கத்துக்கோ கொடுத்துவிடும் இந்த ஏற்பாட்டில், செய்திக்கும் மறுப்புக்கும் இடையே உள்ள தூரம் சில சமயங்களில் சில மணி நேரந்தான். 2023-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி குஜராத் டைட்டன்ஸ் அணி வெளியிட்ட பட்டியலில் ஹர்திக் பாண்டியாவின் பெயர் கம்பீரமாக இருந்தது. வதந்தி பொய்த்தது என்று அபிமானிகள் உறங்கப் போனார்கள். மறுநாள் அவர் மும்பை இந்தியன்ஸுக்குப் போய்விட்ட செய்தி அதிகாரபூர்வமாகவே வந்தது. பட்டியலை நம்பியவர் ஏமாந்தார். வதந்தியை நம்பியவர் ஜயித்தார். செய்தியின் பிரமாணம் எது என்ற தர்க்க சாஸ்திரப் பிரச்சினைக்கு இதைக்காட்டிலும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சென்னை அபிமானியை ஆழமாகப் பாதித்த பரிவர்த்தனை 2025-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. ராஜஸ்தான் ராயல்ஸின் தலைவராக இருந்த சஞ்சு சாம்சன் 18 கோடி ரூபாய்க்குச் சென்னைக்கு வந்தார். அவருக்கு ஈடாக ரவீந்திர ஜடேஜா 14 கோடிக்கும், சாம் கரன் 2 கோடியே 40 லட்சத்துக்கும் ராஜஸ்தானுக்குச் சென்றார்கள். சாம்சன் வருவார் என்ற பேச்சு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டது. ஆகஸ்டு மாதத்தில் ரவிச்சந்திரன் அசுவினின் யூடியூப் நிகழ்ச்சியில் சாம்சன் கலந்துகொண்டபோது, நான் கேரளத்தில் தங்கிவிடுகிறேன், நீங்கள் சென்னைக்குப் போய்விடுங்கள் என்ற பொருள்பட அசுவின் வேடிக்கை செய்தார். அம்மாதம் முடிவதற்குள் அசுவின் ஐ.பி.எல். ஆட்டத்திலிருந்தே ஓய்வு பெற்றார். கார்த்திகை பிறக்கும் சமயத்தில் சாம்சன் உண்மையாகவே சென்னைக்கு வந்து சேர்ந்தார். வேடிக்கையாகச் சொன்னதில் ஒரு பாதி பலித்தது; ஆராய்ந்து எழுதிய செய்திகளில் பல அந்த அளவும் பலிப்பதில்லை.

ஆனால் இந்தப் பரிவர்த்தனையில் நாம் கருத்தூன்றிக் காண வேண்டிய அம்சம் வேறொன்று உண்டு. பேச்சு நிகழ்ந்த மாதங்களில் பரோட்டாக் கடைச் சபைகளில் முன்னின்றது சாம்சனின் வரவு. அவர் விக்கெட் காப்பார், முதலில் இறங்குவார், வருங்காலத்தில் தலைமையும் ஏற்பார் என்று அடுக்கடுக்காகச் சொன்னவர்கள், அவருக்கு விலையாக எதைக் கொடுப்பது என்று கேட்டபோது ஆடாமல் உட்கார்ந்திருக்கும் இரண்டொருவர் பெயரைச் சொல்லிவிட்டுக் கை கழுவினார்கள். 2023-ஆம் ஆண்டு இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஓர் ஆறும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையைக் கையில் கொடுத்த ஜடேஜாவே அந்த விலை என்று தெரியவந்தபோது, "என்ன அண்ணாச்சி, ஜடேஜாவையா கொடுத்துவிட்டார்கள்?" என்ற கேள்வி எழுந்து, அதுவரை பரம சந்தோஷத்தோடு பேசியவர்கள் மௌனமானார்கள். சாமானை விலை கேளாமல் வாங்காத ஊரிலேயே இப்படி நிகழ்ந்தது என்றால், அபிமானம் மனிதனுடைய கணக்கை எவ்வளவு மறைத்துவிடுகிறது என்பது புலனாகும். வதந்தி வரவை மட்டுமே எழுதும். செலவு, வதந்தி மெய்யாகும் நாளில்தான் தெரியவரும்.

ஜடேஜாவின் கதையில் ஒரு சுழற்சியும் உண்டு. 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் ராஜஸ்தானுக்கு ஆடிய அவர், ஒப்பந்த காலத்தில் வேறோர் அணியோடு பேச்சு நடத்தினார் என்ற காரணத்தால் 2010-ஆம் ஆண்டுப் பந்தயம் முழுவதும் ஆடவொண்ணாதபடி தடுக்கப்பட்டார். அதன் பின்னர் 2012-ஆம் ஆண்டு ஏலத்தில் சென்னையும் டெக்கான் சார்ஜர்ஸும் ஒரே உச்ச வரம்பான 20 லட்சம் டாலரில் முட்டி நிற்க, இரகசியமாக எழுதிக் கொடுத்த கூடுதல் தொகையினால் முடிவு செய்யப்பட்டுச் சென்னைக்கு வந்தார். அப்படி வந்தவரே 2025-இல் பரிவர்த்தனையால் ராஜஸ்தானுக்குத் திரும்பினார்.

ஏலம்: ஏறிய படிகள்

ஐ.பி.எல்.லின் முதல் ஏலம் 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 20-ஆம் தேதி மும்பையில் நடைபெற்றது. அன்று தோனிக்குச் சென்னை அளித்த 15 லட்சம் டாலர், அக்காலத்து மதிப்பில் ஏறத்தாழ ஆறு கோடி ரூபாய், தேசத்தையே திடுக்கிட வைத்தது. அதன் பின்னர் விலை ஏறிய படிகளைப் பார்க்கலாம்: 2015-இல் யுவராஜ் சிங்குக்கு 16 கோடி, 2021-இல் கிறிஸ் மாரிசுக்கு 16 கோடியே 25 லட்சம், 2022 டிசம்பரில் சாம் கரனுக்கு 18 கோடியே 50 லட்சம், 2023 டிசம்பரில் மிட்செல் ஸ்டார்க்குக்கு 24 கோடியே 75 லட்சம், 2024 நவம்பரில் ஜெட்டாவில் ரிஷப் பந்துக்கு 27 கோடி. இவற்றுள் கடைசிப் படியின் வரலாறு ரசமானது. லக்னோ அணி 20 கோடியே 75 லட்சத்துக்குக் கேட்டிருந்தது; பழைய அணியான டில்லி, அதே விலைக்குத் தானே எடுத்துக்கொள்ளும் தன் உரிமையைப் பிரயோகித்தது; விதிப்படி லக்னோ ஒரு தடவை விலையை உயர்த்தலாம் என்று ஆனபோது, அவர்கள் ஒரே மூச்சில் 27 கோடி என்றார்கள்; டில்லி ஒதுங்கிக்கொண்டது. ஒரு வார்த்தையில் ஆறேகால் கோடி ஏறிய அந்தக் கணத்தை நம் மார்க்கெட்டு மனிதர் ஒருவர் கண்டிருந்தால், சரக்கின் குணத்தைவிட வாங்குவோன் பிடிவாதமே விலையை நிர்ணயிக்கிறது என்று சொல்லியிருப்பார்.

ஏலத்தின் நகைச்சுவைக்கு எல்லையே இல்லை. 2023 டிசம்பரில் பஞ்சாப் அணியார் ஷஷாங்க் சிங் என்பவரை 20 லட்சத்துக்கு வாங்கிவிட்டு, தாங்கள் கருதியவர் இவர்தானா என்று மேடையிலேயே திகைத்தார்கள். சுத்தியல் விழுந்துவிட்டபடியால் ஏலம் உறுதியாயிற்று. அந்த ஷஷாங்க் சிங் 2024 ஏப்ரலில் குஜராத்துக்கு எதிராக 29 பந்துகளில் 61 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்று தம் அணியை வெற்றிபெறச் செய்தார். அடுத்த ஆண்டுக்கு அவரை அதே அணி 5 கோடியே 50 லட்சம் கொடுத்து வைத்துக்கொண்டது. 2025 டிசம்பரில் 25 கோடியே 20 லட்சத்துக்குக் கொல்கத்தாவால் எடுக்கப்பட்ட காமெரூன் கிரீன், பந்தும் வீசக்கூடியவராயிருந்தும் மட்டையாளர் என்ற பகுதியில் பதிவாகியிருந்தார். மேலாளர் தவறான கட்டத்தை அழுத்திவிட்டார் என்று அவரே விளக்கம் கூறினார். அயல்நாட்டாருக்கு உரிய உச்ச வரம்பு பற்றிய விதியினால் அத்தொகையில் 18 கோடியே அவர் கைக்கு வரும்; மிச்சம் கிரிக்கெட் வாரியத்தின் நலநிதிக்குப் போகும். இவற்றுக்கெல்லாம் சிகரமாக, உலகக் கோப்பையை இந்தியாவுக்கு வென்று தந்த தோனியே, சர்வதேச ஆட்டத்தை விட்டு ஐந்தாண்டுகள் ஆனவரை அதில் ஆடாதவராகக் கருதலாம் என்ற விதியின்படி, நான்கு கோடிக்குச் சென்னையால் வைத்துக்கொள்ளப்பட்டார். சாஸ்திரம் சம்மதிக்கிறது, சிரிப்பு மட்டும் சம்மதிக்க மறுக்கிறது.

விலைக்கும் விளைவுக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் விசித்திரமானது. 2011-ஆம் ஆண்டு ஏலத்தில் ஒருவரும் கேளாமல் விடப்பட்ட கிறிஸ் கெயில், பந்தயத்தின் நடுவே மாற்று ஆளாகப் பெங்களூருக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே சதமடித்து, 608 ஓட்டங்களோடு அவ்வாண்டில் முதலிடம் பெற்றார். ஜெட்டாவில் 1 கோடியே 10 லட்சத்துக்கு எடுக்கப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுவன் வைபவ் சூரியவம்சி, 2025 ஏப்ரலில் 35 பந்துகளில் சதமடித்தான். கிழவர் படை என்று நெடுங்காலம் பரிகசிக்கப்பட்ட சென்னை அணியும் காலத்தின் போக்கை உணர்ந்ததுபோல, அபுதாபியில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களைத் தலா 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. அவர்களுடைய அடிப்படை விலை தலா 30 லட்சம். முதியோர்க்கு நாலு கோடி, இளையோர்க்குப் பதினாலு கோடி என்ற இந்தக் கணக்கை ஊர்ப் பெரியவர்கள் இன்னும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை.

நம் பக்கத்து ஏலம்

தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016-ஆம் ஆண்டு தொடங்கியது. மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் நெல்லைக்கும் அணிகள் உண்டு. விருதுநகருக்கு மட்டும் இல்லை. வடக்கே மதுரை, தெற்கே நெல்லை என்ற இரண்டுக்கும் நடுவே நிற்கும் நம்மவன், எந்தப் பக்கம் வெற்றி பெற்றாலும் அந்தப் பக்கத்து உறவினனாகிவிடும் சௌகரியத்தைப் பெற்றிருக்கிறான். இந்தப் பந்தயத்தின் ஓய்வுக் காலத்தில் ஆட்டக்காரர்கள் மாத்திரம் அல்லாமல், அணிகளே ஊர் மாறிவிடும். காரைக்குடியின் பெயரால் ஆடிய காளை அணி பின்னர் திருப்பூருக்குக் குடிபோயிற்று. ஊரையே பரிவர்த்தனை செய்யும் இந்த வழக்கம் தொடருமாயின், என்றேனும் ஒரு நாள் சிவகாசியின் பெயரால் ஓர் அணி புறப்படலாம் என்று ஆசைப்படுவதற்கு இடமுண்டு.

நம் பிள்ளைகளின் விலை வரலாறும் படிப்பினை உடையது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்த நடராஜன், 2017-ஆம் ஆண்டு 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்கு ஏறினார். கட்டடக் கலை பயின்ற வருண் சக்கரவர்த்தி, 2018-ஆம் ஆண்டு கோப்பை வென்ற மதுரை அணியில் பந்து வீசிப் புகழ் பெற்று, அவ்வாண்டு டிசம்பரில் 20 லட்சத்திலிருந்து 8 கோடியே 40 லட்சத்துக்கு ஏறினார். ஆனால் அடுத்த பந்தயத்தில் பஞ்சாபுக்காக அவர் ஆடியது ஒரே ஆட்டம். பாதி விலைக்கும் குறைவாகப் பின்னர் அவரை எடுத்துக்கொண்ட கொல்கத்தா 2024-ஆம் ஆண்டுக் கோப்பையை வெல்ல அவருடைய பந்து வீச்சுப் பெருந்துணையாயிற்று. 2023-ஆம் ஆண்டு தமிழ்நாடு லீக்கில் முதன்முறையாக நடந்த ஏலத்தில் சாய் சுதர்சனைக் கோவை அணி 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது, அச்சமயத்தில் ஐ.பி.எல்.லில் அவர் பெற்றுவந்த 20 லட்சத்தைவிட அது அதிகம். பெரிய சந்தையில் மலிவாகவும் சிறிய சந்தையில் கிராக்கியாகவும் ஒரே சரக்கு இருந்ததென்றால், சிறிய சந்தையார்தாம் கையில் எடுத்துப் பார்த்து வாங்கினார்கள் என்பது பொருள்.

கடல் கடந்த முன்னோர்கள்

ஓய்வுக் காலச் செய்தியை ஒரு கலையாகவே வளர்த்தவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுடைய பேஸ்பால் பந்தயம் நவம்பர்த் துவக்கத்தில் முடிந்துவிடும். பிப்ரவரியில் பயிற்சி முகாம் தொடங்கும்வரை பனி. அப்பனிக்காலத்தில் கடைகளின் கணப்படுப்பைச் சுற்றி அமர்ந்து பேசிய அபிமானிகளின் சபைக்கு அடுப்படி லீக் என்ற பொருளில் ஒரு பெயரே வழங்கிவருகிறது. அவர்களுடைய ஓய்வுக் காலச் செய்திகளுள் தலையானது, பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணி பேப் ரூத்தை நியூயார்க் யாங்கீஸுக்கு விற்றது. 1919 டிசம்பரில் முடிவாகி 1920 ஜனவரியில் வெளியான அந்த விற்பனையில் பாஸ்டன் பெற்ற வரவு ஒரு லட்சம் டாலர். செலவோ, 1918-இல் வென்ற பட்டத்தை மறுபடி வெல்ல 2004-ஆம் ஆண்டுவரை காத்திருந்த காத்திருப்பு.

செலவைப் பின்னுக்குத் தள்ளும் வித்தையிலும் அவர்கள் நமக்கு ஆசிரியர்கள். 2023 டிசம்பரில், ஜப்பானியரான ஷோஹெய் ஓதானி டொரண்டோவுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கிறார் என்ற வதந்தியை நம்பி அந்த விமானத்தின் போக்கை ஒரு தேசமே கவனித்திருந்தது; விமானம் இறங்கியபோது அதில் அவர் இல்லை. மறுநாள் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸோடு பத்தாண்டுகளுக்கு 70 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. அதில் 68 கோடி டாலரைப் பத்தாண்டு முடிந்தபின் கொடுத்தால் போதும். நியூயார்க் மெட்ஸ் அணி, 2001-இலேயே ஆட்டத்தை விட்டுவிட்ட பாபி பொனியாவுக்கு 2011 முதல் 2035 வரை ஒவ்வோர் ஆண்டும் ஜூலை முதல் தேதி சுமார் 12 லட்சம் டாலர் கொடுத்துவருகிறது. கடனுக்குச் சரக்கெடுத்துத் தவணை கட்டிப் பழகிய நம்மவர்கள்கூட, சரக்கு தீர்ந்து பத்தாண்டு கழித்துத் தவணை ஆரம்பிக்கும் இந்த ஏற்பாட்டைக் கேட்டால் ஒரு கணம் எழுந்து நிற்பார்கள்.

இந்தியாவுக்கும் அந்த ஆட்டத்துக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. ஈட்டி எறிந்து பழகிய ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற உத்தரப் பிரதேச இளைஞர்கள் இருவர், வேகமாகப் பந்து எறியும் போட்டி ஒன்றில் தேர்ந்து, 2008 நவம்பரில், அதாவது ஓய்வுக் காலத்திலேயே, பிட்ஸ்பர்க் பைரட்ஸ் அணியில் ஒப்பந்தமானார்கள். ஆனால் குட்டி ஜப்பான் என்று பெயர் பெற்ற சிவகாசிக்கு, ஜப்பானியர்கள் உயிராகக் கருதும் அந்த ஆட்டம் இன்னும் வந்து சேரவில்லை. பெயருக்கு ஏற்ற பொருத்தத்தில் அந்த ஒன்றுதான் குறை.

சரக்கு பேசும்பொழுது

இதுவரை வேடிக்கையாகச் சொல்லிவந்த விஷயத்தில் ஒரு கனமான பகுதியும் உண்டு. அதை விட்டுவிட்டால் ஆராய்ச்சி பூர்த்தியாகாது. மார்க்கெட்டில் விலை போகும் உளுந்துக்குக் காது இல்லை. ஏலத்தில் விலை போகும் ஆட்டக்காரருக்குக் காது உண்டு. சின்ன தல என்று சென்னை சீராட்டிய சுரேஷ் ரெய்னா, 2022 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த ஏலத்தில் சென்னை உள்பட ஒருவராலும் கேட்கப்படாமல் நின்றார். அன்று வந்த செய்தி ஒரு வரிதான். அதைப் படித்து வருந்தியவர்கள் அநேகர்.

அமெரிக்காவிலே இந்தப் பிரச்சினை நியாயஸ்தலம்வரை சென்றது. 1969 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் அணி தம்மைப் பிலடெல்பியாவுக்குப் பரிவர்த்தனை செய்தபோது, கர்ட் பிளட் என்ற ஆட்டக்காரர், என்னைக் கேளாமல் என்னை மாற்றலாகாது என்று மறுத்து வழக்காடினார். 1972-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுகள் கழிந்து, 1975 டிசம்பரில், வேறு இரு ஆட்டக்காரர்களின் முறையீட்டில் நடுவர் ஒருவர் அளித்த முடிவினால், ஒப்பந்த காலம் முடிந்தவர் தாம் விரும்பிய அணிக்குச் செல்லும் உரிமை பிறந்தது. பிளட் கொடுத்த விலையின் பயனை அவருக்குப் பின் வந்தவர்கள் அனுபவித்தார்கள். இன்று ஐ.பி.எல். பரிவர்த்தனையில் ஆட்டக்காரரின் சம்மதம் அவசியம் என்ற விதி இருப்பதைக் காணும்போது, ஓய்வுக் காலத்து வேடிக்கையின் கீழே ஒரு மனிதனுடைய சம்மதம் இருக்கிறது என்ற ஞாபகம் நமக்கு உண்டாக வேண்டும்.

முடிபு

தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு இனி விடை கூறலாம். ஓய்வுக் காலச் செய்திகளின் தன்மை என்னவெனில், அவை ஆட்டத்தைப் பார்க்கமட்டும் உரிமை பெற்ற அபிமானியைச் சில மாதங்களுக்கு அணியின் முதலாளி ஆக்கிவிடுகின்றன. ஆட்ட நாளில் அவன் கை தட்டலாம், கோபிக்கலாம். அணியைத் தேர்ந்தெடுக்க இயலாது. ஓய்வுக் காலத்தில் யாரையும் எடுக்கலாம், யாரையும் கொடுக்கலாம், கோடிக்கணக்கான ரூபாய்க்குப் பரோட்டாக் கடைப் பலகையிலேயே வரவு செலவுத் திட்டம் போடலாம். அவற்றுள் மெய்யாவன எவை என்றால், ஓய்வைப் பற்றியவை பெரும்பாலும் பொய்க்கின்றன, பரிவர்த்தனையைப் பற்றியவை சில சமயம் மெய்யாகின்றன, ஏலத்தைப் பற்றிய ஆரூடமோ அநேகமாக ஒருவருக்கும் பலிப்பதில்லை. ஷஷாங்க் சிங்கையும் கெயிலையும் ஊகித்துச் சொன்ன ஜோதிடர் எவரும் இலர்.

மூன்றாவது வினாவாகிய லாபத்துக்கு விடை, விருதுநகர்ப் பழக்கத்திலேயே இருக்கிறது. இன்னார் வருகிறார் என்ற செய்தி காதில் விழுந்தவுடன், அவருக்கு ஈடாகப் போகிறவர் யார், அந்தத் தொகையைக் கட்டப் போவது எந்த ஆண்டு, போகிறவருக்கு அதில் சம்மதந்தானா என்ற மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு வதந்தி அங்கேயே அடங்கிவிடும்; எஞ்சிய பத்தும் நம்மை ஏமாற்றாமல் மகிழ்விக்கும். பாஸ்டன் அபிமானிகள் 1920-ஆம் ஆண்டிலேயே முதல் கேள்வியைக் கேட்டிருந்தாலும் பேப் ரூத் திரும்பியிருக்கமாட்டார். ஆயினும் ஒரு லட்சம் டாலர் வந்தது என்று ஒருவரும் கொண்டாடியிருக்கமாட்டார்கள். வரும் ஜூன் மாதத்தில் தோனி ஓய்வு பெறுகிறார் என்று மறுபடியும் செய்தி வரும். அதை மட்டும் கேள்வி எதுவும் கேளாமல் நம்பிச் சற்றே அழுதுகொள்ள அபிமானிக்கு அனுமதி உண்டு. ஏனெனில் அந்த ஒரு செய்திக்குத்தான் இதுவரை யாரும் எந்த விலையும் கொடுத்ததில்லை.